கான்டாக்ட் லென்ஸ்: எந்தக் கண்ணுக்கு எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லென்ஸ் போட வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது "எந்த பிராண்ட் நல்லது?" என்றுதான். பிராண்ட் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் கருவிழியின் (கண்ணின் முன்புறத்தை மூடிய தெளிந்த படலம், கார்னியா) வளைவு, கண்ணீரின் தரம், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் போடப் போகிறீர்கள், ராத்திரி களைத்து வந்தபின் லென்ஸைக் கழுவி வைக்கும் பொறுமை உண்டா என்பவைதான் தேர்வை முடிவு செய்கின்றன. கேள்விகளும் பதில்களும் அந்த வரிசையிலேயே போகின்றன.

கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்த பவரை வைத்தே லென்ஸ் வாங்கிவிடலாமா?

கூடாது. கண்ணாடி கண்ணிலிருந்து சுமார் 12 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. லென்ஸ் கருவிழி மேலேயே உட்காருகிறது. இந்த இடைவெளி பவரை மாற்றிவிடும். மைனஸ் 4 வரை வித்தியாசம் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. அதற்கு மேல் போகப் போகக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். கண்ணாடியில் மைனஸ் 6 என்றால் லென்ஸில் ஏறத்தாழ மைனஸ் 5.50, மைனஸ் 8 என்றால் மைனஸ் 7.25. ப்ளஸ் பவரில் இது தலைகீழ்: கண்ணாடியில் ப்ளஸ் 6 இருப்பவருக்கு லென்ஸில் ப்ளஸ் 6.50 தேவைப்படும்.

பவர் சரியாக அமைந்தாலும் அளவு அமைய வேண்டும். லென்ஸ் பெட்டியில் பி.சி. என்று இருப்பது உட்புற வளைவு. சாதாரண மென் லென்ஸ்களில் 8.3 முதல் 8.8 மில்லிமீட்டருக்குள் இருக்கும். டயா என்பது விட்டம், 14 மில்லிமீட்டரை ஒட்டி. வளைவு இறுக்கமாக இருந்தால் காலையில் சுகமாகத்தான் இருக்கும். சாயங்காலம் கழற்றும்போது வெள்ளை விழியில் லென்ஸின் விளிம்பு பதிந்த வளையம் தெரியும். தளர்வாக இருந்தால் ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் லென்ஸ் நழுவி, பார்வை மங்கி மங்கித் தெளியும். இன்னொன்று, இரண்டு பிராண்டில் ஒரே 8.6 என்று போட்டிருந்தாலும் இரண்டும் ஒரே மாதிரி உட்காராது. பொருளின் விறைப்பு வேறு, விளிம்பின் வடிவம் வேறு. அதனால்தான் ட்ரையல் லென்ஸ் போட்டு, கால் மணி நேரமாவது உட்கார வைத்து, அப்புறம் ஸ்லிட் லேம்ப் என்ற கண் நுண்ணோக்கி வழியாகப் பார்க்கிறார்கள். அந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் இடத்தில் லென்ஸ் வாங்காதீர்கள்.

மென் லென்ஸா, கெட்டி லென்ஸா?

பெரும்பாலோருக்கு மென் லென்ஸ் போதும். செக் நாட்டு வேதியியலாளர் ஓட்டோ விச்டெர்லே 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில் தன் வீட்டிலேயே, பிள்ளைகள் விளையாடும் உலோகக் கட்டமைப்புத் துண்டுகளை வைத்து இயந்திரம் செய்து சுழற்றி வார்த்த ஹைட்ரோஜெல் (நீரை உறிஞ்சி மெத்தென்றிருக்கும் பிளாஸ்டிக்) லென்ஸ்தான் இன்றைய மென் லென்ஸ்களுக்கு மூதாதை. அதற்கு ஒரு குறை இருந்தது. கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது. தனக்கு வேண்டிய ஆக்ஸிஜனை அது பெரும்பாலும் கண்ணீர் வழியாகக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஹைட்ரோஜெல் தன்னிடம் உள்ள நீர் வழியாகத்தான் ஆக்ஸிஜனைக் கடத்தும், அதற்கு ஓர் எல்லை உண்டு. 1990களின் கடைசியில் வந்த சிலிகான் ஹைட்ரோஜெல் அந்த எல்லையைத் தாண்டியது. நாள் முழுக்கப் போடுபவர் என்றால் சிலிகான் ஹைட்ரோஜெல்லையே கேளுங்கள்.

கெட்டி லென்ஸ் என்று சொல்வது இன்று ஆர்.ஜி.பி. எனப்படும், ஆக்ஸிஜனை உள்ளே விடும் வகையை. 9 முதல் 10 மில்லிமீட்டர்தான் இருக்கும், கருவிழியைவிடச் சிறியது. முதல் சில நாட்கள் கண்ணில் மணல் விழுந்தது போல் உறுத்தும். பழகச் சில வாரங்கள் ஆகும். ஆனால் பார்வை துல்லியம், ஆயுள் இரண்டிலும் மென் லென்ஸ் இதை எட்டுவது கடினம். வாரத்துக்கு ஒரு நாள், விசேஷத்துக்கு மட்டும் போடுபவருக்கு இது ஒத்துவராது. இடைவெளி விட்டால் பழக்கம் விட்டுப்போய் மறுபடி உறுத்தும்.

தினசரி லென்ஸா, மாத லென்ஸா?

என்னைக் கேட்டால், கட்டுப்படியாகும் என்றால் தினசரிதான். கழுவ வேண்டாம், டப்பா வேண்டாம், படிவு சேரவும் நேரமில்லை. எப்போதாவது போடுபவருக்குக் கணக்குப் பார்த்தாலும் இதுவே லாபம்.

மாத லென்ஸ் என்றால் உறையைப் பிரித்த நாளிலிருந்து ஒரு மாதம். "பத்து முறைதான் போட்டேன், இன்னும் இருபது முறை பாக்கி" என்ற கணக்கு செல்லாது.

எனக்கு சிலிண்டர் பவர் இருக்கிறது. லென்ஸ் போட முடியாது என்றார்களே?

அது பழைய கதை. கருவிழி ஒரு திசையில் கூடுதலாகவும் மற்ற திசையில் குறைவாகவும் வளைந்திருப்பதைத்தான் சிலிண்டர் பவர் சரி செய்கிறது. இதற்கு டோரிக் லென்ஸ். கைவசம் கிடைக்கும் மென் டோரிக்குகள் பெரும்பாலும் 0.75, 1.25, 1.75, 2.25 என்ற படிகளில் வருகின்றன. இதற்கு மேற்பட்டவை ஆர்டர் கொடுத்துச் செய்யப்படும். 0.75-க்குக் கீழ் இருந்தால் பலருக்கு சாதாரண லென்ஸே ஓரளவு ஈடுகட்டிவிடும்.

டோரிக்கில் சிக்கல், அது சுழலாமல் நிற்க வேண்டும் என்பது. கண்ணாடிச் சட்டம் மூக்கில் நிற்பதால் ஆக்ஸிஸ், அதாவது சிலிண்டர் பவர் நிற்கும் கோணம், மாறாது. லென்ஸோ ஒவ்வொரு இமைப்பிலும் தள்ளப்படுகிறது. அதனால் கீழ்ப்பகுதியைச் சற்றுத் தடிப்பாக்கியோ, மேலும் கீழும் மெலிதாக்கியோ நிலைநிறுத்துகிறார்கள். லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் விளிம்பில் மயிரிழை போன்ற சிறு கோடு அல்லது புள்ளி தெரியும். கடிகாரத்தின் 6 மணி இருக்கும் இடத்தில் அது நிற்கிறதா, தள்ளி நிற்கிறதா என்றுதான் கண்ணைப் பரிசோதிக்கும் ஆப்டோமெட்ரிஸ்ட் ஸ்லிட் லேம்பில் தேடுவார். 10 டிகிரி திரும்பினாலே சிலிண்டர் பவரில் மூன்றில் ஒரு பங்கு திருத்தப்படாமல் நிற்கும். 30 டிகிரி திரும்பினால் லென்ஸ் போட்டதும் போடாததும் ஒன்று. எப்போதும் ஒரே அளவு திரும்பி நிற்கிறது என்றால் பிரச்சினையில்லை, ஆக்ஸிஸை அதற்கேற்ப மாற்றி எழுதிவிடலாம். நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தால் வேறு வடிவம்தான் பார்க்க வேண்டும். படுத்துக்கொண்டு படிப்பவர்கள், தலையைச் சாய்த்து வேலை செய்பவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. டோரிக் அப்போதுதான் அதிகம் நழுவும்.

நாற்பது தாண்டியாயிற்று, படிக்கவும் கண்ணாடி வேண்டியிருக்கிறது. இதற்கு லென்ஸ் உண்டா?

உண்டு, மூன்று வழிகள். தூரப் பவருக்கு லென்ஸ் போட்டுக்கொண்டு, படிக்கும்போது மட்டும் மேலே ஒரு ரீடிங் கண்ணாடி மாட்டுவது முதல் வழி. கேட்க அலுப்பாக இருக்கும், ஆனால் இரண்டு தூரத்துக்கும் இதுதான் மிகத் தெளிவு.

இரண்டாவது மோனோவிஷன். ஆதிக்கக் கண்ணுக்கு (மூளை அதிகம் நம்பும் கண்) தூரப் பவர், மற்றதற்குப் படிக்கும் பவர். எந்தக் கண் தெளிவாகக் காட்டுகிறதோ அதை மூளை எடுத்துக்கொள்ளும். சிலருக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும், சிலருக்கு எப்போதும் பழகாது. ஆழம் கணிப்பது குறையும் என்பதால் இரவில் நெடுந்தூரம் வண்டி ஓட்டுபவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது மல்டிஃபோக்கல். கண்ணாடியில் போல் மேலே தூரம், கீழே கிட்டம் என்று இது பிரிந்திருப்பதில்லை. மென் லென்ஸில் வளையம் வளையமாக இரண்டு பவரும் ஒரே சமயத்தில் கண்மணி முன்னால் நிற்கும். பல வடிவங்களில் நடுவில் கிட்டப் பவர், சுற்றிலும் தூரம். விழித்திரையில் இரண்டு பிம்பமும் விழ, வேண்டியதை மூளை பொறுக்கிக்கொள்கிறது. இதற்கு விலையும் உண்டு. எழுத்துகளைச் சுற்றி மெல்லிய நிழல், எதிர்வரும் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம், மங்கிய வெளிச்சத்தில் கொஞ்சம் சோர்ந்த பார்வை. கடையில் மாட்டிப் பார்த்த ஐந்து நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லாமல், சில நாட்கள் வீட்டிலும் வேலையிலும் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். அன்றாட வேலையில் பெரும்பகுதி கண்ணாடியில்லாமல் நடந்தால் அதுவே வெற்றி. நூற்றுக்கு நூறு எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றம் நிச்சயம்.

ஒரு சின்ன எச்சரிக்கை. நாற்பதை நெருங்கும், மைனஸ் பவர் அதிகமுள்ளவர்கள் கண்ணாடியிலிருந்து லென்ஸுக்கு மாறினால், அதுவரை சுலபமாகப் படித்த சிறிய எழுத்து திடீரென்று சிரமப்படுத்தும். மைனஸ் கண்ணாடி வழியாகக் கிட்டத்தில் பார்க்கும்போது கண் போட வேண்டிய உழைப்பு குறைவு. லென்ஸ் அந்தச் சலுகையை எடுத்துவிடுகிறது. லென்ஸ் தவறு என்று திருப்பிக் கொடுக்கப் போகாதீர்கள்.

கெரட்டோகோனஸ் என்று சொல்லியிருக்கிறார்கள். கண்ணாடி போட்டும் தெளியவில்லை.

கருவிழி மெலிந்து கூம்பு போல் முன்தள்ளும் நோய் இது. பரப்பு மேடும் பள்ளமுமாக இருப்பதால் கண்ணாடியால் முழுதாகத் திருத்த முடியாது. மென் லென்ஸும் கூம்பின் மேல் படிந்து அதே வடிவத்தையே எடுத்துக்கொள்ளும். கெட்டி லென்ஸ் வளையாது. அதற்கும் கருவிழிக்கும் நடுவில் கண்ணீர் நிரம்பி, மேடு பள்ளத்தை ஒளியின் கண்ணுக்கு மறைத்துவிடுகிறது. கண்ணாடியில் எழுத்துப் பலகையின் இரண்டாவது வரியோடு நின்றவர் கெட்டி லென்ஸில் கடைசி வரிகள் வரை படிப்பதை லென்ஸ் பொருத்துபவர்கள் சாதாரணமாகப் பார்க்கிறார்கள்.

ஆரம்ப நிலைக்கு ஆர்.ஜி.பி. உறுத்தல் தாங்கவில்லை என்றால் அடியில் மென் லென்ஸ், மேலே கெட்டி லென்ஸ் என்று அடுக்கிப் போடும் முறை உண்டு. நடு கெட்டியாகவும் ஓரம் மென்மையாகவும் ஒரே துண்டாக வரும் ஹைப்ரிட் லென்ஸும் உண்டு. முற்றிய நிலைக்கு ஸ்கிலரல் லென்ஸ். 15 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பெரிய லென்ஸ் இது, கருவிழியைத் தொடாமல் தாண்டி வெள்ளை விழி மேல் உட்காரும். பார்க்கப் பயமாக இருக்கும். போட்டால் சின்ன கெட்டி லென்ஸைவிடச் சுகம், ஏனென்றால் உணர்ச்சி மிகுந்த கருவிழி மேல் எதுவும் உராய்வதில்லை. மாட்டும்போது அதில் ப்ரிசர்வேடிவ் (கெடாமல் காக்கும் ரசாயனம்) இல்லாத சலைனை, அதாவது உப்புக் கரைசலை, விளிம்பு வரை நிரப்பி, முகத்தைத் தரைக்கு இணையாகக் குனிந்து வைக்க வேண்டும். உள்ளே காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டால் கழற்றி மறுபடி முதலிலிருந்து.

ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும்: எந்த லென்ஸும் கெரட்டோகோனஸ் வளர்வதை நிறுத்தாது. வளர்கிறது என்றால் அதற்கு, கருவிழியை விறைப்பாக்கும் கொலாஜன் க்ராஸ்லிங்கிங் சிகிச்சை. லென்ஸ் பார்வைக்கு மட்டும்தான். கண்ணைக் கசக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள்.

கண் உலர்வு இருப்பவர்கள் லென்ஸ் போடலாமா?

முதலில் உலர்வுக்குக் காரணம் தெரிய வேண்டும். இமை ஓரச் சுரப்பிகள் அடைபட்டு எண்ணெய்ப் படலம் குறைந்ததால் வரும் உலர்வுதான் அதிகம். அதற்கு வெந்நீர் ஒத்தடம், இமை சுத்தம் என்று சிகிச்சை செய்துவிட்டு லென்ஸைப் பற்றி யோசிக்கலாம். நீர்ச்சத்து அதிகமுள்ள லென்ஸ்தான் உலர்ந்த கண்ணுக்கு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நீர் ஆவியாகும்போது லென்ஸ் மறுபடி கண்ணீரிலிருந்தே இழுக்கும் என்பதால் பல சமயம் நடப்பது நேர் எதிர். தினசரி சிலிகான் ஹைட்ரோஜெல் பலருக்குக் கை கொடுக்கும். திரை முன்னால் உட்கார்ந்தால் இமைப்பது பாதிக்கும் கீழே குறைந்துவிடும், அதையும் பாருங்கள். கடுமையான உலர்வுக்கு மேலே சொன்ன ஸ்கிலரல் லென்ஸே மருந்து மாதிரி. கருவிழி நாள் முழுக்க நீரில் நனைந்தபடி இருக்கும்.

அலர்ஜி?

அரிப்பும் சிவப்பும் இருக்கும் நாட்களில் லென்ஸ் வேண்டாம், கண்ணாடிக்குப் போய்விடுங்கள். மற்ற நாட்களுக்குத் தினசரி லென்ஸ். மாத லென்ஸில் புரதமும் தூசியும் படிந்து, மேல் இமையின் உட்புறத்தில் சிறு கொப்புளங்கள் கிளம்பினால், லென்ஸ் வழுக்கி மேலே ஏறும், சளி போல் கசியும். அப்படி ஆனால் சில வாரங்கள் நிறுத்தத்தான் வேண்டும்.

சொட்டு மருந்து போடுபவர்கள் லென்ஸைக் கழற்றிவிட்டுப் போட்டு, கால் மணி நேரம் கழித்து மாட்டவும். பென்சால்கோனியம் குளோரைடு போன்ற ப்ரிசர்வேடிவை மென் லென்ஸ் உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

பிள்ளைகளுக்கு லென்ஸ் போடலாமா? பவர் ஏறாமல் தடுக்கும் லென்ஸ் இருக்கிறதாமே?

வயது ஒரு தடையில்லை. கண்புரையோடு பிறந்து அறுவை செய்த கைக்குழந்தைக்கும் லென்ஸ் போடுகிறார்கள். பள்ளி வயதில், தானே கைகழுவி, தானே மாட்டிக் கழற்றத் தெரிகிறதா என்பதுதான் அளவுகோல்.

கிட்டப்பார்வை ஏறுவதை மெதுவாக்க இரண்டு வகை உண்டு. ஒன்று பகலில் போடும் சிறப்பு மென் லென்ஸ். இந்த வகையில் மைசைட் என்ற தினசரி லென்ஸுக்கு 2019-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒப்புதல் தந்தது, 8 முதல் 12 வயதுக்குள் தொடங்கும் பிள்ளைகளுக்கு. மூன்றாண்டு ஆய்வில், சாதாரண லென்ஸ் போட்ட பிள்ளைகளோடு ஒப்பிட்டால் பவர் ஏற்றம் சராசரியாக 59 சதவீதம் குறைந்தது. மற்றொன்று ஆர்த்தோ-கே: இரவில் போட்டுத் தூங்கினால் கருவிழியைத் தற்காலிகமாகத் தட்டையாக்கும் கெட்டி லென்ஸ், பகலில் எதுவும் வேண்டாம். விட்டால் சில நாட்களில் பழையபடி ஆகிவிடும். இரண்டுமே ஏறுவதை மெதுவாக்கும், ஏறிய பவரைக் குறைக்காது. ஆர்த்தோ-கே தூக்கத்தில் போடுவது என்பதால் சுத்தத்தில் பெற்றோர் கண் வைத்தே ஆக வேண்டும்.

ஒரு கண்ணில் ஒன்று, மறு கண்ணில் ஆறு. கண்ணாடி போட்டால் தலை சுற்றுகிறது.

உங்களைப் போன்றவர்களுக்குத்தான் லென்ஸ் அழகைத் தாண்டி அவசியமே ஆகிறது. கண்ணாடியில் இரு கண் பிம்பமும் வெவ்வேறு அளவில் விழும், மூளையால் சேர்க்க முடியாது. லென்ஸ் கண்ணோடு ஒட்டி இருப்பதால் அந்த வித்தியாசம் பெரும்பாலோருக்கு வெகுவாகக் குறையும். கண்புரை எடுத்தபின் உள்லென்ஸ் வைக்காதவர்களுக்கு இது இன்னும் கண்கூடு: தடித்த ப்ளஸ் கண்ணாடியில் உலகம் கால் பங்கு பெரிதாகத் தெரியும், கான்டாக்ட் லென்ஸில் பத்து சதவீதத்துக்கும் குறைவு.

பவரே இல்லை, கலருக்கு மட்டும் போடுகிறேன். பரிசோதனை எதற்கு?

கண்ணில் வைப்பது எதுவாக இருந்தாலும் அளவு பார்த்துதான் வைக்க வேண்டும். பவர் இல்லாத லென்ஸும் கருவிழியின் ஆக்ஸிஜனை மறைக்கும், கீறும், கிருமியைக் கொண்டு வரும். தோழியோடு மாற்றிப் போடுவது அறவே கூடாது. கருவிழித் தழும்பை மறைக்கவும், ஐரிஸ் எனும் வண்ணப் படலம் இல்லாத கண்ணின் கூச்சத்தைக் குறைக்கவும் வண்ண லென்ஸ்கள் மருத்துவமாகவே செய்யப்படுகின்றன. அது தனி வேலை.

போட்டுக்கொண்டே தூங்கினால் என்ன ஆகும்?

பகலில் மட்டும் மென் லென்ஸ் போடுபவர்களில் ஆண்டுக்கு 10,000 பேரில் ஏறத்தாழ 2 முதல் 4 பேருக்குக் கருவிழியில் கிருமித் தொற்று வருகிறது. போட்டபடி தூங்குபவர்களில் அது 20 பேர் அளவுக்குப் போகிறது. ஆக்ஸிஜன் அதிகம் விடும் சிலிகான் ஹைட்ரோஜெல் வந்தால் இது குறைந்துவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள், குறையவில்லை. மூடிய இமைக்குள் கண்ணீர் ஓட்டம் நின்றுவிடுகிறது என்பதும் காரணம். "ஒரு மாதம் தொடர்ந்து போடலாம்" என்று பெட்டியில் போட்டிருந்தாலும், மருத்துவர் சொல்லாமல் செய்யாதீர்கள். மதியக் குட்டித் தூக்கமும் தூக்கம்தான்.

குளிக்கும்போது, நீந்தும்போது?

கழற்றிவிடுங்கள். குழாய் நீர், குளம், நீச்சல் குளம் எல்லாவற்றிலும் அகந்தமீபா என்ற ஓரணு உயிர் இருக்கலாம். அது கருவிழிக்குள் புகுந்தால் சிகிச்சை மாதக்கணக்கில் நீளும், வலி கடுமை, சிலருக்குப் பார்வையே போகும். இதே காரணத்தால் லென்ஸையோ டப்பாவையோ குழாய் நீரில் கழுவக் கூடாது. கைகழுவியபின் துடைத்து உலர்த்தாமல் லென்ஸைத் தொடவும் கூடாது.

எந்த சொல்யூஷன்?

பெரும்பாலோருக்குப் பலநோக்கு சொல்யூஷன் போதும். "தேய்க்க வேண்டாம்" என்று எழுதியிருந்தாலும் உள்ளங்கையில் வைத்துச் சில விநாடிகள் தேய்த்துக் கழுவுங்கள். மிச்சமிருக்கும் நேற்றைய சொல்யூஷன் மேல் புதிதை ஊற்றும் பழக்கம்தான் நான் பார்ப்பதிலேயே மோசமானது. டப்பாவைக் காலி செய்து, புது சொல்யூஷனால் அலசி, கவிழ்த்து உலர விடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை டப்பாவையே மாற்றுங்கள். பழைய டப்பாவின் குழியில் விரலை வைத்துப் பார்த்தால் வழவழப்பாக ஒரு படலம் தட்டுப்படும். கிருமிகளின் கூடாரம் அது.

சொல்யூஷன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு முறை உண்டு. நன்றாகச் சுத்தம் செய்யும். அதற்குரிய டப்பாவில், குறிப்பிட்ட நேரம், பெரும்பாலும் 6 மணி, ஊறியே ஆக வேண்டும். நேராகக் கண்ணில் பட்டால் எரிந்து தள்ளிவிடும்.

லென்ஸ் கண்ணுக்குப் பின்னால் போய்விடுமா?

போகாது. இமையின் உட்படலம் மடிந்து வெள்ளை விழியோடு சேர்ந்துவிடுவதால் பின்னால் வழியே இல்லை. மேல் இமைக்கடியில் மடிந்து ஒளிந்திருக்கும். கீழே பார்த்தபடி இரண்டு சொட்டு லூப்ரிகண்ட் விட்டு இமையை மெல்லத் தடவினால் இறங்கி வரும்.

லேசர் அல்லது கண்புரை அறுவைக்கு அளவெடுக்கப் போகிறேன்.

லென்ஸ் கருவிழியின் வடிவத்தைச் சற்று மாற்றி வைத்திருக்கும். அப்படியே அளந்தால் கணக்குத் தவறும். மென் லென்ஸ் என்றால் ஒன்று இரண்டு வாரம், கெட்டி லென்ஸ் என்றால் அதைவிட நீண்ட நாட்கள் நிறுத்தச் சொல்வார்கள். எத்தனை ஆண்டுகளாகப் போடுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

எப்போது உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும்?

சிவப்பு, வலி, வெளிச்சம் பார்த்தால் கூச்சம், மங்கல் இவற்றில் எது வந்தாலும் முதலில் லென்ஸைக் கழற்றுங்கள். கழற்றியபின்னும் வலி கூடிக்கொண்டே போனால் அன்றைக்கே பார்க்க வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். வீட்டில் கிடக்கும் ஸ்டீராய்டு சொட்டைப் போடாதீர்கள், கண்ணைக் கட்டுப்போட்டு மூடவும் வேண்டாம். சர்க்கரை நோயாளிகளுக்குக் கருவிழியின் உணர்ச்சி குறைந்து வலி தெரியாமலே போகலாம், அவர்கள் சிவப்பையே அபாயமாக எடுத்துக்கொள்ள வேண்டும். போகும்போது கழற்றிய லென்ஸையும் டப்பாவையும் கழுவாமல் அப்படியே கையோடு கொண்டு போங்கள். எந்தக் கிருமி என்று அதிலிருந்தே வளர்த்துப் பார்க்க முடியும்.